ஏழு சமாரியர்களும் ஒரு கழுதையும்

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. ஸ்தோத்திரம். இங்கே நானும் என் வீட்டுக்காரியும் உன் மருமகளும் தேவ கிருபையால் சுகம். என் முழங்கால்கள் மட்டும் சுகமில்லை, அதற்கான காரணம் கீழே வரும். அங்கே உன் சர்க்கரையும் அத்தானின் கோபமும் அளவோடு இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபிக்கிறோம். கையில் போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நீ கேட்பாய். போனில் பேசினால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை சொல்லிவிடுவாய், அக்கா. கடிதமென்றால் கடைசிவரை நான் சொல்வதை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும். கோபித்துக்கொள்ளாதே.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். நம் வீட்டு ரேடியோவை உன் ஊர்ப் பள்ளியில் சேர்த்து, அங்கேயே விடுதியில் விட்டு, பேச்சுப் பயிற்சி கொடுப்பதாக நீ ஏற்பாடு செய்திருக்கிறாய். அத்தான் யார் யாரையோ பார்த்து ஒரு இடமும் பிடித்து வைத்திருக்கிறார். நானும் போன மாதம் "சரிக்கா, சபையில பிள்ளைங்க நிகழ்ச்சி முடிஞ்சதும் கூட்டிட்டு வந்துடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்குள் அவள் வாயை மூடினால்தான் அதிசயம். அதனால்தானே ரேடியோ என்று பேர் வைத்தேன். காலையில் பல் துலக்கும்போது ஆரம்பித்தால் தூக்கத்திலும் நிறுத்தமாட்டாள். ஆனால் வாசலைத் தாண்டியதும் யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி ஆகிவிடுவாள். பள்ளியில் பேச்சில்லை, சபையில் பேச்சில்லை, நீ வந்திருந்தபோது உன்னிடமும் பேச்சில்லை. நீ மடியில் உட்காரவைத்து "பேசுடி என் கண்ணு, ஒரே ஒரு வார்த்தை அத்தைக்காகப் பேசு" என்று எவ்வளவு கெஞ்சினாய்! அவள் உன் புடவைக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வயசு. ஊரில் இருக்கிற ஃபேன், மிக்ஸி, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் திறந்து பார்த்துச் சரிசெய்கிறவன் நான். என் பிள்ளையிடம் எந்தத் திருகைத் திருப்புவது என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா.

இப்போது நிகழ்ச்சிக்கு வருகிறேன். அதற்கு முன்னால் அந்தக் கமிட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் போதகர் நல்ல மனுஷர், ஆள் ஒரு பீரோ அளவு இருப்பார். அவருக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளைகள் பள்ளியில் ஒன்று கேட்கிறார்கள், ஞாயிறு பள்ளியில் இன்னொன்று கேட்கிறார்கள், வீட்டில் மூன்றாவதாக ஒன்று கேட்கிறார்கள். நோவாவின் பேழையை எடுத்துக்கொள். பள்ளியில் கிளாஸ் சார் அதன் நீள அகலத்தைச் சொல்லிப் பெருக்கச் சொன்னாராம். ஞாயிறு பள்ளியில் கீழ்ப்படிதலைச் சொன்னார்களாம். வீட்டில் நான் "அத்தனை மிருகத்துக்கும் தண்ணி எங்கேர்ந்து ஏத்தியிருப்பான், மோட்டார் கூட கிடையாதே" என்று கேட்டேனாம். ரேடியோ இதை வீட்டில் ஒப்பித்தாள், என் வீட்டுக்காரி அதைச் சபையில் போய்ச் சொல்லிவிட்டாள். "இனிமே மாசம் ஒரு கதை. சபை, பள்ளிக்கூடம், வீடு, மூணும் சேர்ந்து அதே கதையைத்தான் சொல்லிக் குடுக்கணும்" என்றார் போதகர். அதற்குச் சனிக்கிழமை ஒரு கூட்டம். நான் கூட்டத்துக்குப் போகவில்லை அக்கா, சத்தியமாகப் போகவில்லை. அந்த அறையின் ஃபேன் கிறீச் கிறீச்சென்று கத்துகிறது என்று கூப்பிட்டார்கள், ஏணி போட்டு ஏறியிருந்தேன். கீழே கூட்டம் நடக்கிறது. பெற்றோர் சார்பில் பொறுப்பெடுக்க யாருக்கு விருப்பம் என்று போதகர் கேட்ட அதே நேரத்தில், கீழே நின்ற ஒருவர் சுவிட்சில் கை வைப்பதைப் பார்த்து "போடாதீங்க" என்பதற்காக நான் கையைத் தூக்கினேன். எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். ஏணியிலிருந்து இறங்கும்போது நான் பெற்றோர் பிரதிநிதி.

அந்தக் கமிட்டியில் பேருக்குப் பத்துப்பேர் இருந்தாலும் வேலை செய்தது இரண்டே பேர். ஒருவர் ரேடியோவின் கிளாஸ் சார். ஒல்லியாக, உயரமாக, பேசும்போது சாக்பீஸை உருட்டிக்கொண்டே இருப்பார். இன்னொருவர் ஞாயிறு பள்ளி டீச்சர். வாரம் முழுக்கத் தையல்கடை வைத்திருக்கிற அம்மா, ஞாயிற்றுக்கிழமை டீச்சர். நான் தையல் டீச்சர் என்றுதான் சொல்வேன். இந்த இரண்டு பேரிடமும் நீ செய்த ஏற்பாட்டைச் சொன்னேன். சார் சாக்பீஸை உருட்டுவதை நிறுத்திவிட்டார். "இந்த வருஷம் முடியட்டுமே சார். இப்ப அனுப்பாதீங்க." ஏன் என்றால் பதில் இல்லை. தையல் டீச்சர் வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுங்க அண்ணே" என்றார். எவ்வளவு நாள் பொறுப்பது என்றால், "பொறுங்களேன்." எனக்கு ஆத்திரமாக வந்தது. மேஜையைத் தட்டி "காரணம் சொல்லுங்க" என்று கத்தினேன். ஒரு மெஷின் ஏன் ஓடவில்லை என்று யாராவது என்னைக் கேட்டு, நான் "பொறுங்களேன்" என்று சொன்னால் சும்மா விடுவார்களா?

அந்த மாசத்துக் கதை நல்ல சமாரியன். உனக்குத் தெரியாததா? கள்ளர் கையில் அடிபட்டு ஒருவன் வழியில் கிடக்கிறான். ஆலயத்து ஆசாரியன் பார்த்துவிட்டு விலகிப் போகிறான், ஆலய ஊழியக்காரன் லேவியனும் விலகிப் போகிறான், யாரும் மதிக்காத சமாரியன் வந்து காயம் கட்டி, தன் கழுதைமேல் ஏற்றிச் சத்திரத்தில் சேர்க்கிறான். இதை நாடகமாகப் போடுவது என்று முடிவானது. கதையைச் சபை சொல்லிக்கொடுக்கும், நடிப்பைப் பள்ளி சொல்லிக்கொடுக்கும், உடையை வீடுகள் கொடுக்கும். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! அடுத்த நாளே தகராறு. எல்லா வீட்டுக்கும் தங்கள் பிள்ளைதான் சமாரியனாக வேண்டும். கிளாஸ் சாருக்கு யாரிடமும் முகத்தை முறித்துப் பேச வராது. வந்த அம்மாவுக்கெல்லாம் "பார்க்கலாம் மேடம்", வந்த அப்பாவுக்கெல்லாம் "பார்க்கலாம் சார்." அவர்கள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு போய் ஆளுக்கொரு அங்கி தைக்கக் கொடுத்துவிட்டார்கள். கள்ளர்களுக்குப் பஞ்சமே இல்லை, பையன்கள் சண்டை போட்டுக்கொண்டு சேர்ந்தார்கள். ஆசாரியன் வேஷத்துக்கு ஆள் வேண்டுமென்றதும் எல்லாரும் போதகரைப் பார்த்தோம். "நல்லா இருக்கே! அடிபட்டவனைப் பார்த்துட்டுப் போற ஆளா நான் ஒரு தடவை நடிச்சா போதும், வருஷம் முழுக்க பிரசங்கம் பண்ணினாலும் உங்களுக்கு அதுதான் ஞாபகத்துல நிக்கும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில் கிளாஸ் சாரே ஆசாரியன், சபைச் செயலாளர் லேவியன்.

ரேடியோவுக்கு என்ன வேஷம் தெரியுமா? கழுதை. கேட்டதும் என் கடையைப் பாதியில் மூடிவிட்டுத் தையல் டீச்சர் கடைக்குப் போய்விட்டேன். "ஊர்ல இருக்கற பிள்ளைங்கெல்லாம் சமாரியன், என் பிள்ளை மட்டும் கழுதையா? பேசலைன்னா அவ்வளவு இளக்காரமா?" என்று கத்தினேன். அந்த அம்மா தையல் மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "அண்ணே, அந்த வேஷத்துக்கு வசனம் கிடையாது. ஆனா அது இல்லாம அடிபட்டவன் சத்திரம் போய்ச் சேரமாட்டான். யோசிச்சுப் பாருங்க." நான் யோசித்துப் பார்த்தேன். அதற்குள் ரேடியோ வெட்டுமேஜைக்கு அடியிலிருந்து சாம்பல் நிறப் போர்வைத் துணியில் தைத்த காதுகளை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். இவ்வளவு அழகான கழுதையை நான் பார்த்ததில்லை, அக்கா. சண்டை போடப் போனவன் காதை நிமிர்த்தி வைக்கக் கம்பி கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிறகு வீட்டில் ஒத்திகை. கழுதை எப்படி நடக்கும் என்று காட்டச் சொல்லி என் வீட்டுக்காரி என்னை மண்டிபோட வைத்தாள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவள், களைப்பே தெரியாமல் என் முதுகில் தலையணையைக் கட்டி "இன்னும் கொஞ்சம் அசைஞ்சு நடங்க" என்கிறாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்துதான் முழங்கால் இப்படி ஆனது. அப்படி நடந்துகொண்டிருந்தபோது, வாஷிங் மெஷின் என்ன ஆச்சு என்று கேட்க ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். கதவு திறந்திருந்தது. என்னைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார். "பரவால்ல, மெதுவா குடுங்க" என்று போனவர், இன்றுவரை மெஷினை எடுக்க வரவில்லை. ரேடியோ சிரித்த சிரிப்பில் எனக்கு வெட்கம்கூடத் தெரியவில்லை. சிரித்து முடித்தபோதுதான், இன்னும் இரண்டு வாரத்தில் இவள் இங்கே இருக்கமாட்டாள் என்பது ஞாபகம் வந்தது. தலையணையை அவிழ்க்காமலேயே இன்னொரு தடவை சமையலறை வரைக்கும் நடந்து காட்டினேன்.

நிகழ்ச்சி நாளும் வந்தது. சபை நிறைந்த கூட்டம், நிற்கக்கூட இடமில்லை. திரை விலகியது. கள்ளர்கள் குதித்துக்கொண்டு வந்தார்கள். வந்து சுற்றிப் பார்த்தார்கள். அடிப்பதற்கு ஆள் இல்லை. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அடிபட்டவன் வேஷத்துக்கு யாரையும் போடவில்லை! பெரிய ஆள் ஒருவரைச் சபை தரும் என்று கிளாஸ் சார் நினைத்திருந்தார். யாராவது ஒரு அப்பா வருவார் என்று சபை நினைத்திருந்தது. சார் ஒரு பையனைத் தயார்செய்திருப்பார் என்று நாங்கள் நினைத்திருந்தோம். மூன்று பேரும் சேர்ந்து வேலை செய்த லட்சணம் இது. பெற்றோர் பிரதிநிதி என்ற முறையில் நான் மைக் ஒயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கள்ளர்கள் பாவம் என்ன செய்வார்கள்? கம்பைச் சும்மா வைத்திருக்க முடியுமா? மேடையிலிருந்து இறங்கி முதல் வரிசையைக் கொள்ளையடிக்க ஆரம்பித்தார்கள். ஒரு அம்மாவின் கைப்பை போனது, ஒரு பெரியவரின் கண்ணாடி போனது.

அப்போது எங்கள் போதகர் எழுந்தார். மேடைமேல் ஏறி, வெள்ளைச் சட்டையோடு அப்படியே நடுவில் மல்லாந்து படுத்துவிட்டார். கள்ளர்களுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! வருஷம் முழுக்க மனப்பாட வசனம் கேட்டவர் இப்படித் தானாக வந்து படுத்தால் விடுவார்களா? நிஜமாகவே நாலு சாத்து சாத்தினார்கள். ஆசாரியன் வந்து போனார், லேவியன் வந்து போனார். பிறகு சமாரியர்கள் வந்தார்கள். ஒருவர் இல்லை அக்கா, ஏழு பேர். "நான்தான் காப்பாத்துவேன்" என்று ஒருவன் கையைப் பிடித்து இழுக்கிறான், "போடா, நான்தான்" என்று இன்னொருவன் காலைப் பிடித்து இழுக்கிறான். ஏழு பேர் கையிலும் கட்டுத்துணி. கண்ணுக்கு ஒரு கட்டு, காதுக்கு ஒரு கட்டு, தொப்பைக்கு இரண்டு கட்டு. கீழே அம்மாக்கள் எழுந்து நின்று "நீ போடா முன்னால!" என்று கத்துகிறார்கள். "உங்க பையன் என் பையனைத் தள்றான்" என்று இரண்டு அப்பாக்கள் பெஞ்சுக்கு மேலே எட்டிப் பேசிக்கொள்கிறார்கள். ஆசாரியன் உடையிலேயே கிளாஸ் சார் ஓடிவந்து சமாதானம் செய்கிறார். மைக் வேறு ஊளையிடுகிறது. அயலானை நேசிக்கச் சொல்லிக்கொடுக்கும் நிகழ்ச்சியில் அடிதடிதான் பாக்கி. போதகரை யாரும் தூக்கவில்லை. கட்டுக்குள்ளிருந்து மூச்சுவாங்கிக்கொண்டு கிடந்தார்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு குரல் கேட்டது.

"தள்ளுங்க."

யாருக்கும் புரியவில்லை. மறுபடியும் கேட்டது, இந்தத் தடவை நன்றாகவே கேட்டது. "தள்ளுங்க. அவருக்கு வலிக்குது. என் மேல ஏத்துங்க."

கழுதை, அக்கா. நம் கழுதை. ஏழு சமாரியர்களையும் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, பீரோ மாதிரி படுத்திருக்கிற அந்த மனுஷருக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, இத்துனூண்டு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. "பேசிட்டா! என் பொண்ணு பேசிட்டா!" என்று கத்த வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரி என் காலை ஓங்கி மிதித்தாள். பார்த்தால் கிளாஸ் சார் உதட்டில் விரல் வைத்துக் கூட்டத்தைப் பார்த்து நிற்கிறார். தையல் டீச்சர் முதல் வரிசை அம்மாக்களைக் கையசைத்து உட்கார வைக்கிறார். உனக்கு எங்கள் சபையைத் தெரியும். ஜெப நேரத்திலேயே சும்மா இருக்கத் தெரியாத சனங்கள். அத்தனை பேரும் அப்படியே அடங்கிப் போனார்கள். யாரும் கைதட்டவில்லை. யாரும் "ஆ, பேசறாளே" என்று சொல்லவில்லை. அவள் பேசினாள் என்பது ஒன்றுமே இல்லாத மாதிரி, அடிபட்டவனைச் சத்திரத்துக்குக் கொண்டுபோவதுதான் இப்போது முக்கியம் என்கிற மாதிரி, எல்லாரும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போதகர் ஒரு கண் கட்டோடு எழுந்து, அவள் முதுகில் பாரமே விழாதபடி உள்ளங்கையை மட்டும் வைத்து, உடம்பை இரண்டாக மடித்துக்கொண்டு, பாடகர் பெஞ்சாகிய சத்திரம் வரைக்கும் அவளோடு நடந்தார். அந்தத் தொப்பையோடு அப்படிக் குனிந்து நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று மண்டிபோட்டுப் பழகிய எனக்குத் தெரியும். ஏழு சமாரியர்களும் சத்தமில்லாமல் பின்னால் போனார்கள். நான் அழுதேன் அக்கா. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

முடிந்தபிறகு டீ குடிக்கும்போதுகூட ஒருவர் அவளைச் சூழ்ந்துகொண்டு விசாரிக்கவில்லை. "கழுதைக்கு பிஸ்கட் குடுங்கப்பா" என்றதோடு சரி. போதகர் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய், "வேதத்துல பிலேயாமோட கழுதை ஒண்ணுதான் பேசிச்சுன்னு இவ்வளவு வருஷமா பிரசங்கம் பண்ணிட்டேன். இனிமே மாத்தணும்" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அதனால் அக்கா, அத்தானிடம் நல்லவிதமாகச் சொல்லி, பிடித்து வைத்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுக்கச் சொல். ரேடியோவை அனுப்பமாட்டேன். உங்கள் பள்ளி பெரிய பள்ளிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்காக ஒரு வாத்தியாரும் ஒரு தையல்காரம்மாவும் ஒரு போதகரும் சேர்ந்து, கூட ஒரு கூட்டமே சேர்ந்து, வாயை மூடிக்கொண்டு நிற்கிற இடத்தை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்? பெற்றோர் பிரதிநிதி என்ற முறையில் சொல்கிறேன், எங்கள் கமிட்டி எடுத்த முயற்சியால்தான், அதிலும் முக்கியமாக வீட்டில் நான் பட்ட பாட்டால்தான், என் பிள்ளை பேசியிருக்கிறாள். இதை நீ நாலு பேரிடம் சொல்லலாம்.

அத்தானுக்கு என் ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உன் போக்கும் உன் வரவும் காக்கப்படுவதாக, உன் காலை மாத்திரையும் மறக்கப்படாதிருப்பதாக.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தயவுசெய்து யாரிடமும் சொல்லாதே. கடிதத்தை மடிப்பதற்குள் ரேடியோ வந்து தோளுக்கு மேலே எட்டி முழுசாகப் படித்துவிட்டாள். "தப்பா எழுதியிருக்கீங்கப்பா. நான் அன்னிக்கு முதல் தடவையா பேசலை" என்றாள். விசாரித்தேன். தையல் டீச்சரிடம் போன லீவிலிருந்தே பேசுகிறாளாம், அந்த வெட்டுமேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு. கிளாஸ் சாரிடம் இடைவேளையில் ஜன்னல் பக்கம் நின்று பேசுகிறாளாம். போதகரிடம் கழுதை பரலோகம் போகுமா என்று கேட்டாளாம், அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றாராம். "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று இவள் ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறாள், ஒவ்வொருவரும் சரி என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்தவரிடமும் இவள் பேசுகிறாள் என்பது அவர்களுக்கே தெரியாது. நான் மேஜையைத் தட்டித் தட்டி "காரணம் சொல்லுங்க" என்று கத்தினேனே, அத்தனையும் வாங்கிக்கொண்டு ஒரு சின்னப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறார்கள், அக்கா. "உங்க அப்பாகிட்ட நீயேதான் சொல்லணும்" என்று மட்டும் தையல் டீச்சர் தினம் சொல்வாராம். என் வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் துணி மடிப்பதில் ரொம்ப மும்முரமாக இருந்தாள். அவளுக்கும் தெரியுமாம். எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று ரேடியோவைக் கேட்டேன். "சொன்னா உடனே அத்தைக்கு போன் போட்டு, இந்தா பேசிக் காட்டுன்னு என் கையில குடுப்பீங்க" என்றாள். அதைத்தான் செய்திருப்பேன், அக்கா. அப்படியென்றால் அன்றைக்கு மட்டும் ஏன் அத்தனை பேர் முன்னால் பேசினாய் என்று கேட்டேன். ஏதோ புத்தியில்லாதவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். "பாஸ்டர் கீழ கிடந்தாருல்ல? யாருமே தூக்கலைல்ல?" என்றாள். லீவுக்கு உன் வீட்டுக்கு வருகிறாளாம். உன்னோடு பேசவும் பேசுவாளாம், ஆனால் நீ பேசச் சொல்லி மட்டும் கேட்கக்கூடாதாம். கேட்காதே அக்கா. நானும் கேட்கமாட்டேன்.